53 செ.மீ. டைகருக்கு எந்த பிரஷ்? முதல் கோட்டு காயறதுக்குள்ள பேசிடலாம்

வணக்கம் மக்களே. மேசை மேல இருக்கறது ரெண்டாம் உலகப் போர் ஜெர்மன் டைகர் டாங்கியோட மாடல், 1/16 அளவு, அதாவது நிஜத்துல பதினாறுல ஒரு பங்கு. நிஜ வண்டி, பீரங்கிக் குழலையும் சேர்த்தா 8.45 மீட்டர். பதினாறால வகுத்தா 53 சென்டிமீட்டர் பக்கம் வருது, அகலம் ஏறக்குறைய 23. இடது பக்கத் தகட்டுக்கு முதல் கோட்டு, அதாவது முதல் பூச்சு, இப்பத்தான் போட்டு முடிச்சிருக்கேன். அது காய அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்துல பிரஷ் கதையைப் பேசிடலாம்.

காத்தால பெயிண்ட்டைத் தெளிக்கற ஏர்பிரஷ் இல்லாம இவ்வளவு பெரிய வண்டியா? தாராளமா அடிக்கலாம். ஆனா சின்ன சிப்பாய் பொம்மைக்கு அடிச்சுப் பழகின கை, இதுக்கும் 1-ம் நம்பர் ரவுண்ட் பிரஷ்ஷைத்தான் எடுக்கும். கோளாறு அங்கதான் ஆரம்பிக்குது. அக்ரிலிக் பெயிண்ட் ஒண்ணு ஒன்றரை நிமிஷத்துல மேல ஆடை கட்டிடும், பால்ல ஏடு படியற மாதிரி. சின்ன பிரஷ்ஷால இந்தக் கோடியில ஆரம்பிச்சு அந்தக் கோடிக்குப் போறதுக்குள்ள, ஆரம்பிச்ச இடம் ஆடை கட்டிருக்கும். அடுத்த வரிசை அதோட ஓரத்தைத் தொட்டதும் அந்த ஆடை கிழிஞ்சு சுருண்டு வரும். நீங்க பாக்கற கோடும் திட்டும் முக்காவாசி இப்படி வர்றதுதான். கை நடுங்கி வர்றது ரொம்பக் கம்மி.

அதனால பிரஷ்ஷை நான் நம்பர் பார்த்து எடுக்கறதில்ல. ஒரே கணக்குதான்: ஒரு தகடு முழுக்க, மிஞ்சிப் போனா நாலு இழுப்புல முடியணும். முதல் இழுப்பு ஈரமா இருக்கும்போதே கடைசி இழுப்பு அதுக்குப் பக்கத்துல வந்து உக்காரணும். டைகர் இதுக்குத் தோதான வண்டி. சோவியத் டி-34 டாங்கி மாதிரி சாய்வு கிடையாது, பக்கமெல்லாம் பொட்டி மாதிரி நட்டக்குத்தலா, தட்டையா இருக்கும்.

[ஒரு பிரஷ்ஷைக் கேமரா அருகே கொண்டுவருகிறார்]

இது 20 மில்லிமீட்டர் பிளாட், சிந்தெடிக் முடி. பக்கத் தகடு, பின் டெக் (பின்பக்க மேல்தளம்), டரட் (பீரங்கியோட சுத்தற மேல் பகுதி) மூணுக்கும் இதுதான். நல்லா பாருங்க, முடியோட நீளம் அகலத்தை விடக் கூடவே இருக்கு. கடையில இதே அகலத்துல முடி குட்டையா இன்னொரு வகை இருக்கும், அதுக்கு ப்ரைட்னு பேரு. அதை எடுத்துடாதீங்க. குட்டை முடி விறைப்பா நின்னு பெயிண்ட்டைத் தள்ளும், உழுத வயல் மாதிரி சால் விழும். நீள முடி வளைஞ்சு படுத்து, பெயிண்ட்டை இறக்கி வெச்சுட்டுப் போகும். பெயிண்ட்டும் கூடப் பிடிக்கும், நடுவுல தீராது.

நம்பரை நம்பாதீங்கன்னு சொன்னேன்ல. ஒரு கம்பெனியோட 8-ம் நம்பர் பிளாட்டும் இன்னொரு கம்பெனியோட 8-ம் நம்பரும் ஒரே அகலம் இருக்காது. ஸ்கேலை வெச்சு அளங்க. மில்லிமீட்டர் பொய் சொல்லாது.

இது 12 மில்லிமீட்டர். முன்பக்கத் தகடு, மட்கார்டு மாதிரி இடத்துக்கு. இதோ, நுனி உருண்டையா இருக்கே, இதுதான் ஃபில்பர்ட், 6 மில்லிமீட்டர். போல்ட்டு, கொக்கி, ஹேட்ச் (ஆள் ஏறி இறங்கற மூடி) கீல் இருக்கற இடத்துல பிளாட் வெச்சா அதோட மூலை போல்ட்டு மேல மோதி, அந்தப் பக்கம் ஒரு சொட்டைத் தேக்கிடும். காஞ்சா அது குட்டி முட்டு மாதிரி நிக்கும். ஃபில்பர்ட்டுக்கு மூலையே கிடையாது, வழுக்கிட்டுப் போயிடும். மூணு பிரஷ்தான் வாங்க முடியும்னா இந்த மூணையும் வாங்குங்க. ரவுண்ட்ல ஒரு 2-ம் நம்பரும் 0-வும் இருந்தா மண்வெட்டிப் பிடி, கேபிள், ஹெட்லைட் எல்லாம் முடிஞ்சுது. 000 எதுக்கு? அது பிடிக்கற துளி பெயிண்ட் வண்டிக்கிட்ட போறதுக்குள்ள நுனியிலேயே காஞ்சிடும். கூரான 0 அதே கோட்டைப் போடும்.

முடி விஷயம். தண்ணி கலக்கற அக்ரிலிக்குக்கு சிந்தெடிக் போதும், பெரிய பிளாட்டுக்கு அதுதான் நல்லதும்கூட. தண்ணியில ஊறினாலும் துவளாது. கேமல் 66 சீரிஸ் ரவுண்ட், 67 சீரிஸ் பிளாட், அந்தத் தங்க நிற முடி, ஸ்டேஷனரிக் கடையிலயே கிடைக்கும், தாராளமா ஆரம்பிக்கலாம். ஒரு குறை, சிந்தெடிக் நுனி நாள்பட்டா கொக்கி மாதிரி வளையும். ரவுண்ட்ல அது தலைவலி, பிளாட்ல அவ்வளவாத் தெரியாது. கோலின்ஸ்கிங்கறது சைபீரிய மரநாய் வகையோட வால் முடி. ரவுண்டுக்கு அருமை, ஆனா 20 மில்லிமீட்டருக்கு அதை வாங்கறது காசைக் கரைக்கற வேலை. ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும்: கீரி முடி பிரஷ் மலிவா கைக்கு வரும், வாங்காதீங்க. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி முடி வியாபாரம் குற்றம். 'நேச்சுரல் ஹேர்'னு மட்டும் எழுதி எந்த மிருகம்னு போடலைன்னா கீழ வெச்சுட்டு வந்துடுங்க.

கடையில எப்படிச் சோதிக்கறது? புது பிரஷ் பசை போட்டு விறைப்பா, ஊசி மாதிரி நிக்கும். அந்த அழகுல ஏமாறாதீங்க. கடைக்காரர் விட்டா, பசையை விரலால உதிர்த்து, தண்ணியில நனைச்சு, ஒரு உதறு உதறுங்க. பிளாட்னா நுனி ஒரே கோடா, உளி மாதிரி கூடணும். நடுவுல பிளந்து மீன்வால் மாதிரி நின்னா வேண்டாம். விரல்ல அழுத்தி வளைச்சு விட்டா நேரா நிமிரணும். முடியை லேசா இழுத்துப் பாருங்க, ரெண்டு மூணு கையோட வந்தா மீதி உங்க டாங்கி மேல ஒட்டும். பெயிண்ட்டுக்குள்ள காஞ்சு போன முடியை எடுத்தா கூடவே ஒரு கோடு பெயிண்ட்டும் உரியும். ஹார்டுவேர் கடை சுவர் பிரஷ் ஆகாதுன்னு சொல்றது இதுக்குத்தான். அப்புறம் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பசையை முழுசா அலசிடுங்க, இல்லைன்னா முதல் கோட்டுலயே பெயிண்ட்டோட கலந்து திரியும்.

இப்ப இழுப்பு. வலது பக்கம் இன்னும் அடிக்கல, அங்க காட்டறேன். பெயிண்ட் வெலேயோ மாடல் கலர் டார்க் யெல்லோ, 70.978. அடியில சாம்பல் பிரைமர். மஞ்சள் சார்ந்த நிறம் கறுப்பு மேல சீக்கிரம் மூடாது, ரெண்டு கோட்டு கூட வாங்கும். பெயிண்ட் 2 மில்லி, தண்ணி 1 மில்லி, ரிடார்டர் (பெயிண்ட் காயறதைத் தாமதப்படுத்தற திரவம்) 3 சொட்டு. பதம் தண்ணி கலந்த பால். ஒரு பக்கத்துக்கு வேண்டிய மொத்தத்தையும் முதல்லயே கலந்துக்கோங்க, பாதியில கலந்தா நிறம் ஒத்து வராது. சொட்டு சொட்டா வைக்கற பேலட்ல 20 மில்லிமீட்டர் பிரஷ் படுக்காது. அதனால நான் வெச்சிருக்கறது ஒரு டைல்ஸ் துண்டு. ஃபேனை நிறுத்துங்க. ஏப்ரல், மே மாசத்துல ஃபேனுக்குக் கீழ அடிச்சா ஒன்றரை நிமிஷம் அரை நிமிஷமாயிடும்.

பிரஷ்ஷை முதல்ல தண்ணியில நனைச்சு டிஷ்யூல ஒத்தறேன். பெயிண்ட்டை முடியோட பாதி வரைக்கும்தான் எடுக்கறேன், உலோகப் பட்டையைத் தொடவே கூடாது. ரெண்டு பக்கமும் டைல்ஸ்ல ஒரு தடவை தட்டையா இழுத்து மிச்சத்தை வடிக்கறேன். தகட்டோட விளிம்புல ஆரம்பிக்கல பாருங்க, ரெண்டு சென்டிமீட்டர் உள்ள வெச்சு விளிம்புக்கு வெளிய இழுக்கறேன். விளிம்புல வெச்சா அது முடியைப் பிழிஞ்சு அடியில ஒரு சொட்டு தொங்கும். இப்ப அந்தக் கோடியிலிருந்து ஒரே இழுப்பு, கடைசியில கையைத் தூக்கிட்டே, விமானம் கிளம்பற மாதிரி. அடுத்த இழுப்பு இதோட ஓரத்துல 3 மில்லிமீட்டர் ஏறி வருது. அவ்வளவுதான். இங்க ஒரு புள்ளி விட்டுப் போச்சு, தெரியுதா? தொட மாட்டேன். ரெண்டாவது கோட்டுல மூடிக்கும். இப்பத் திரும்பப் போனா ஆடை கிழியும். முதல் கோட்டு பார்க்கக் கேவலமாத்தான் இருக்கும், பிரைமர் தெரியும். மூணாவதுலதான் வண்டி வண்டியாகும், சில இடம் நாலு.

டரட்டுக்கு மட்டும் திசை மாறும். அது குதிரை லாடம் மாதிரி வளைஞ்ச ஒரே தகடு. சுத்தி இழுத்தா வளைவுல பிரஷ் ஓரம் தூக்கும். மேலிருந்து கீழ இழுங்க. பின்னாடி சாமான் பெட்டி இருக்கற இடத்துல ஆரம்பிச்சு, சுத்தி வந்து அங்கயே முடிங்க. ஆரம்பமும் முடிவும் சேர்ற தழும்பு பெட்டிக்குப் பின்னாடி மறைஞ்சிடும்.

டமியா எக்ஸ்எஃப் அக்ரிலிக் வெச்சிருந்தா இது வேற ஆட்டம். அது ஆல்கஹால் கலந்தது, மேல் கோட்டு கீழ்க் கோட்டையே கரைச்சு இழுக்கும். அதோட சொந்த தின்னர், ரிடார்டர் 10 விழுக்காட்டுக்குள்ள, ஒரு இடத்துல ஒரே இழுப்பு, அடுத்த கோட்டுக்கு ஒரு நாள் பொறுங்க. முடி ரொம்ப மெத்துனு இருக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இனிமேதான். பிரஷ் தடம் தெரியவே கூடாதுன்னு இவ்வளவு நேரம் சொன்னேன். தெரிஞ்சே ஆகவேண்டிய வண்டியும் உண்டு. 1942-43 குளிர்காலத்துல லெனின்கிராட் பக்கம் நின்ன ஜெர்மன் 502-வது டாங்கிப் பட்டாலியன் டைகர்களுக்கு, கரும்சாம்பல் மேல வெள்ளை பூசியிருந்தாங்க. பூச்சுல பிரஷ் தடம் தெரிஞ்சா அது நிஜம். ஆனா எந்த அளவு தடம்? சுவருக்கு அடிக்கற நாலு இஞ்ச் பிரஷ்னு வெச்சுப்போம், சுமார் 10 சென்டிமீட்டர். அதைப் பதினாறால வகுங்க, 6 மில்லிமீட்டர். அதே 1/35 மாடலா இருந்தா 3 மில்லிமீட்டர் கூட வராது. ஆக வெள்ளை அடிக்க 20 மில்லிமீட்டர் பிளாட் எடுத்தா, ஏதோ ராட்சசன் ஒரு அடி அகல பிரஷ்ஷால அடிச்ச மாதிரி இருக்கும். 6 மில்லிமீட்டர் பிளாட், கொஞ்சம் தேய்ஞ்ச பழசு, டிஷ்யூல பாதி துடைச்சது. இழுப்பும் குட்டையா இருக்கணும், ஒரு ஆள் நின்ன இடத்துல கை எட்டற தூரம்தான்: நிஜத்துல ஒரு மீட்டர்னா இங்க 6 சென்டிமீட்டர். எண், சிலுவைச் சின்னம் பக்கத்துல அவங்க சுத்தி விட்டுட்டு அடிச்சிருப்பாங்க, நீங்களும் விடுங்க.

1943 கடைசியில வந்த டைகர்ல சிம்மரிட் பூச்சு இருக்கும், வரி வரியா சொரசொரப்பா. அதுக்கு பிளாட்டை இழுத்தா மேட்டுல மட்டும் படும், பள்ளம் விட்டுப் போகும். ஃபில்பர்ட்டால ஒத்தி ஒத்தி இறக்குங்க. டிரைபிரஷ் பண்ண, அதாவது பெயிண்ட்டைத் துடைச்சுட்டு மேடுகள்ல மட்டும் லேசா தேய்க்க, ஐஷேடோ பிரஷ் போதும், அழகுசாதனக் கடையில வாங்கிக்கலாம். நல்ல பிரஷ்ஷை டிரைபிரஷ்ஷுக்குக் கொடுத்தா ஒரே நாள்ல துடைப்பமாயிடும்.

சக்கரம். முதல்ல வந்த டைகர்ல ஒரு பக்கத்துக்கு 24, ரெண்டு பக்கமும் 48, எல்லாத்துக்கும் ரப்பர் விளிம்பு. ஒவ்வொண்ணா பிரஷ்ஷை ஓட்டினா கோடு கோணும். சக்கரத்தை மூங்கில் குச்சியில சொருகி, 2-ம் நம்பர் ரவுண்டை விளிம்புல வெச்சு, கையை அசைக்காம குச்சியைத் திருப்புங்க. ரப்பருக்குச் சுத்தக் கறுப்பு வேண்டாம், கரும்சாம்பல்.

கழுவறது. ஒரு கோட்டு முடிஞ்சதும் உடனே. சுடுதண்ணி ஆகாது, உலோகப் பட்டைக்குள்ள இருக்கற பசை இளகும். தண்ணி டம்ளர்ல நட்டு வெச்சா நுனி வளையும், கைப்பிடி ஊறி மேல பூச்சு வெடிக்கும். குளியல் சோப்பை உள்ளங்கையில தேய்ச்சு அதுல முடியைச் சுழட்டுங்க, நுரை வெள்ளையா வர்ற வரைக்கும். பட்டை ஓரத்துல பெயிண்ட் தங்கினா முடி அங்கிருந்துதான் விரியும். எனாமல், ஆயில் வாஷுக்கு (பள்ளத்துல இறங்கற மாதிரி நீர்க்கக் கரைச்ச பெயிண்ட்) தனி பிரஷ் வெச்சு, கைப்பிடியில டேப் சுத்தி அடையாளம் போட்டுக்கோங்க. ஒயிட் ஸ்பிரிட் மிச்சம் இருக்கற பிரஷ் அக்ரிலிக்ல பட்டா பெயிண்ட் திரிஞ்சு தயிராயிடும்.

[இடது பக்கத் தகட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார்]

காஞ்சிருக்கு, ஜில்லுனு இல்ல. ஜில்லுனு இருந்தா உள்ள இன்னும் ஈரம்னு அர்த்தம். அந்த 20 மில்லிமீட்டரை எடுக்கறேன், ரெண்டாவது கோட்டு.