மாஸ்ட் உள்ளே போகுமா? விண்ட்சர்ஃபிங் சாமானுக்கு ரூஃப் பாக்ஸ் வாங்கும் முன்

வணக்கம். ஜொகூர் மாநிலம் குளுவாங்கிலிருந்து பேசுகிறேன். எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். கடல் கண்ணுக்கு எட்டாது. ஆனால் 50ஆம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்துக் காஹாங், ஜெமாலுவாங் வழியாகப் போனால் நூறு கிலோமீட்டருக்குள் மெர்சிங் வந்துவிடும். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அந்தக் கரையில் அடிக்கிற அடி, விண்ட்சர்ஃபிங் செய்கிறவர்களுக்கு, அதாவது பாய் கட்டிய பலகையில் நின்று காற்றில் கடலில் ஓடுகிறவர்களுக்கு, பெரிய வரம். தோட்டத்து ஊரில் இருக்கிறோம், நமக்கு எதற்குக் கடல் விளையாட்டு என்று யாரும் ஒதுங்கத் தேவையில்லை. கரைக்குச் சாமான் போய்ச் சேர்ந்தால் போதும்.

அந்தச் சாமானைக் கொண்டுபோவதுதான் சிக்கல். நிற்கும் பலகையான போர்டு, காற்றைப் பிடிக்கும் பாய், பாயைத் தாங்கும் கம்பமான மாஸ்ட், கையால் பிடிக்கும் பிடிக்கம்பான பூம் எல்லாமே நீளம். மைவி மாதிரி ஒரு சிறிய காரில் இதையெல்லாம் ஏற்றி, ஆளும் உட்கார வேண்டும். அதனால் பலரும் காரின் கூரைமேல் பொருத்தும் ரூஃப் பாக்ஸ் பக்கம் போகிறார்கள். எந்தப் பெட்டி வாங்குவது என்பதை இந்த வீடியோவில் பார்ப்போம்.

(திரையில்: கடையில் தொங்கும் ரூஃப் பாக்ஸ்கள். ஒட்டியிருக்கும் தாளில் லிட்டர் எண் பெரிதாகத் தெரிகிறது.)

கடைக்குப் போனால் முதலில் காதில் விழுவது லிட்டர். 320 லிட்டர், 400 லிட்டர், 500 லிட்டர். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் பையும் படுக்கைப் பாயும் தலையணையுமாக ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு லிட்டர் முக்கியம். நமக்கு அது கிட்டத்தட்டப் பயனில்லாத எண். ஏறக்குறைய 400 லிட்டர் கொள்ளும் பெட்டி 175 சென்டிமீட்டர் நீளத்தில் அகலமாகவும் வரும், 230 சென்டிமீட்டர் நீளத்தில் ஒடுக்கமாகவும் வரும். லிட்டர் ஒன்றுதான், ஆனால் முதல் பெட்டியில் உங்கள் மாஸ்ட் நுழையவே நுழையாது.

ஆகவே அளவு நாடாவைக் கையில் எடுங்கள். கடைக்குப் போகும் முன்பு, வீட்டிலேயே.

(திரையில்: தரையில் இரண்டு துண்டாகப் பிரித்து வைத்த மாஸ்ட். பக்கத்தில் அளவு நாடா.)

மாஸ்ட் பொதுவாக 370, 400, 430, 460, 490 சென்டிமீட்டர் என்ற அளவுகளில் வருகிறது. பெரும்பாலும் இரண்டு துண்டு. 400 என்றால் பாதி 200, 430 என்றால் பாதி 215, 490 என்றால் 245. கணக்கு இதோடு முடிந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு துண்டையும் செருகிச் சேர்க்கும் இணைப்புக் குழல் ஒரு துண்டின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும். அது ஏறக்குறைய ஒரு சாண் வரை இருக்கலாம். அப்படியானால் 430 மாஸ்டின் நீளமான துண்டு 215 அல்ல, 230ஐத் தாண்டக்கூடும். மாஸ்ட்டில் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பாமல், இருப்பதிலேயே நீளமான துண்டை நாடா வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஓர் எண்தான் நீங்கள் வாங்கப்போகும் பெட்டியைத் தீர்மானிக்கும்.

இப்போது பெட்டியின் பக்கம் வருவோம். விளம்பரத்தில் பெரும்பாலும் போடுவது வெளி நீளம். உள் நீளம் அதைவிடக் குறைவு. பெட்டியின் மூக்கு காற்றைக் கிழிப்பதற்காகச் சரிந்து ஒடுங்கும். அந்த இடத்தில் உயரமும் இருக்காது, அகலமும் இருக்காது. நடுவில் ஒரு குச்சி போகும், ஓரத்தில் போகாது. குறுக்காக மூலைவிட்டத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். உள்ளே 220 நீளம், 60 அகலம் இருக்கும் பெட்டியில் கணக்குப்படி கிடைப்பது 228. வெறும் 8 சென்டிமீட்டர் லாபம். மூலைகள் எல்லாம் வளைவாக இருப்பதால் அந்த 8ம் கைக்கு வராது.

இங்கே நமக்கு உதவும் எண் ஒன்று இருக்கிறது. நீளமும் ஒடுக்கமுமான இந்தப் பெட்டிகள் குளிர் நாடுகளில் பனிச்சறுக்குக் கட்டைகளை ஏற்றிச் செல்வதற்காக வடிவமைக்கப்பட்டவை. அதனால் பல தயாரிப்பாளர்கள் தங்கள் விவரப் பட்டியலில் எவ்வளவு நீளமான பனிச்சறுக்குக் கட்டை அடங்கும் என்று தனியாகப் போட்டிருப்பார்கள். பனியே பார்க்காத நமக்கு இது எதற்கு என்று தாண்டிப் போய்விடாதீர்கள். விறைப்பான, நீளமான ஒரு பொருள் உண்மையில் எவ்வளவு தூரம் உள்ளே போகும் என்பதைச் சொல்லும் எண் அதுதான். வெளி நீளம் 230க்குக் கொஞ்சம் மேல் இருக்கும் பெட்டியில்கூட அது 215, 220 என்றுதான் இருக்கும்.

இதை வைத்துப் பார்த்தால் என் கருத்து இது. உங்கள் பெரிய மாஸ்ட் 400 என்றால், 230 நீளமுள்ள பெட்டி பெரும்பாலும் உங்களுக்குச் சரிவரும். 430 என்றால் அளந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 460, 490 வைத்திருப்பவர்கள் மாஸ்ட்டைப் பெட்டிக்குள் வைக்கும் ஆசையையே விட்டுவிடலாம். மாஸ்ட்டுக்கு நல்ல பஞ்சுப் பை ஒன்று வாங்கி, பெட்டிக்குப் பக்கத்தில், கார்க் கூரையின் குறுக்குக் கம்பியில் கட்டிக்கொள்ளுங்கள். பாய், பூம், உடம்பில் கட்டும் பட்டையான ஹார்னஸ், மாஸ்ட்டின் அடியில் நீட்டிச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன், போர்டின் அடியில் மாட்டும் ஃபின் எல்லாம் பெட்டிக்குள் போகட்டும். ஒரு மாஸ்ட்டுக்காக வண்டிக்குப் பொருந்தாத பெரும் பெட்டியை வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, பாய்க்கு வருவோம். பாயை மேலிருந்து கீழாக, அதை விறைப்பாக வைக்கும் பேட்டன் குச்சிகள் குறுக்கே கிடக்கும் வாட்டத்தில் சுருட்டுகிறோம். சுருட்டிய பிறகு அது கிட்டத்தட்ட பூமின் நீளத்துக்கு வரும். 5, 6 சதுர மீட்டர் பாய்கள் 230 பெட்டியில் தாராளமாக அடங்கும். பேட்டனை மட்டும் மடக்கித் திணிக்கக் கூடாது. வளைந்தபடியே வெயிலில் கிடந்தால் பாயின் வடிவமே கெட்டுவிடும். பூமைக் கடைசி ஓட்டைவரை சுருக்கி வையுங்கள், அதன் தலைப்பகுதி பாயின் படலத்தில் உரசாதபடி ஒரு பழைய துண்டைச் சுற்றுங்கள்.

போர்டு? அது பெட்டிக்குள் போகாது. இப்போதைய போர்டுகள் 220 முதல் 250 வரை நீளம், 55 முதல் 85 வரை அகலம். எந்தப் பெட்டியும் தாங்காது. கம்பியில் பெட்டிக்குப் பக்கத்தில்தான் படுக்க வேண்டும். இங்கே இன்னொரு கணக்கு வருகிறது. மைவி மாதிரி வண்டியின் குறுக்குக் கம்பி சுமார் 110, 115 சென்டிமீட்டர். பெட்டி 65, போர்டு 60 என்றால் கூட்டினால் 125. கொள்ளாது. உயரமும் அகலமுமான எஸ்யூவியில் கம்பி 130 வரை நீளும், அதில் இரண்டும் அருகருகே உட்காரும். மைவிக்காரர்கள் பெட்டியை ஒரு ஓரமாக வைத்து, போர்டைக் காருக்குள்ளே முன் சீட்டை மடக்கி ஏற்றலாம். அப்போது ஓட்டுநர் ஒருவர்தான் போக முடியும், ஆனால் தனியாகப் போகிறவருக்கு அது நல்ல வழி. இரண்டு போர்டு எடுத்துப்போகும் பழக்கம் இருந்தால், சிறிய வண்டியில் பெட்டியே வேண்டாம் என்பேன். போர்டு பையும் மாஸ்ட் பையும் போதும்.

(திரையில்: காரின் கையேட்டில் கூரைச் சுமை என்ற பக்கம்.)

அடுத்தது எடை. காரின் கையேட்டில் கூரை எவ்வளவு சுமை தாங்கும் என்று இருக்கும். பல கார்களில் அது 50க்கும் 75 கிலோவுக்கும் இடையில் இருக்கிறது. பெட்டியில் 75 கிலோ என்று எழுதியிருந்தாலும், கார் 50தான் தாங்கும் என்றால் 50தான். இந்தக் கணக்கில் கம்பியும் பெட்டியும் சேர்த்தி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாமே கூட்டிப் பார்ப்போம். கம்பி 5 கிலோ, பெட்டி 18 கிலோ. இன்னும் ஒரு சாமானும் ஏற்றவில்லை, 23 ஆகிவிட்டது. மூன்று பாய் 12 கிலோ, இரண்டு மாஸ்ட் 5 கிலோ, பூம் 3 கிலோ, சில்லறைச் சாமான் 3 கிலோ. மொத்தம் 46. மேலே போர்டையும் கட்டினால் 8 கிலோ கூடி 54. 50 கிலோ கூரையில் இது வரம்பு மீறல். போர்டைத் தண்ணீருக்கு மேல் தூக்கும் ஃபாயில் வைத்திருப்பவர்கள் அதன் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கனமானதைக் காருக்குள் தாழ்வாக வைத்து, நீளமாகவும் லேசாகவும் இருப்பதை மேலே ஏற்றுங்கள். கூரையில் கனம் ஏறினால் வளைவில் வண்டி சாய்வதும் அதிகமாகும், பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும்.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை, அவர்களுக்கு அது பெரிய கவலையும் இல்லை. நமக்கு மெர்சிங் கரையில் நிழலில்லாத இடத்தில் வண்டி நாள் முழுக்க நிற்கும். கறுப்புப் பெட்டி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் மூடிய கறுப்புப் பெட்டிக்குள் ஏறும் சூடு பாயின் மோனோஃபிலிம் என்ற பிளாஸ்டிக் படலத்துக்கும் பசைக்கும் நல்லதல்ல. வெள்ளையோ வெள்ளி நிறமோ வாங்குங்கள். இரண்டும் ஒரே விலை என்றால் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம். வெளியே கட்டியிருக்கும் போர்டுக்கு வெளிர் நிறப் பை போடுங்கள். உள்ளே நுரைப்பஞ்சு இருக்கும் போர்டில் சூட்டில் காற்று விரியும், அதனால் காற்றுத் திருகு இருக்கும் போர்டானால் வெயிலில் நிற்கும்போது அதைத் தளர்த்திவிடுங்கள். தண்ணீரில் இறங்கும் முன் மறக்காமல் இறுக்குங்கள். இந்தத் திருகை இறுக்க மறந்தால் போர்டு தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு.

ஈரம் அடுத்த எதிரி. ரூஃப் பாக்ஸ் மழையைத் தாங்கும், ஆனால் காற்றுப் புகாத பெட்டி அல்ல. பருவமழையில் மணிக்கணக்கில் ஓட்டினால் விளிம்பில் கொஞ்சம் நீர் கசியலாம், அது சகஜம். அதைவிட மோசமானது நாமே உள்ளே வைத்து மூடும் உப்புத் தண்ணீர். நனைந்த பாயைச் சுருட்டிப் பெட்டியில் போட்டு, திங்கள் வேலைக்குப் போய், அடுத்த சனிக்கிழமை திறந்தால் பூஞ்சணம் வரவேற்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். பெட்டியையும் திறந்து போடுங்கள். பூட்டிலும் கீலிலும் உப்புப் படிந்தால் சாவி சுற்ற மறுக்கும், அவற்றையும் கழுவுங்கள்.

திறக்கும் பக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் திறக்கும் பெட்டியையே எடுங்கள். பக்கத்தில் போர்டு கட்டியிருக்கும்போது அந்தப் பக்கத்துக் கதவு பயன்படாது, சாலையோரம் நிற்கும்போது லோரி போகும் பக்கம் நின்று சாமான் இறக்கவும் முடியாது. எல்லாப் பூட்டும் விழுந்தால்தான் சாவி வெளியே வரும் என்ற அமைப்பு இருந்தால் இன்னும் நல்லது. ஹேட்ச்பேக் வண்டி என்றால் பின்கதவை முழுக்கத் தூக்கிப் பார்த்து, பெட்டியின் வாலில் இடிக்கிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். உயரமும் கவனம். மைவியின் உயரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல், கம்பியும் பெட்டியும் சேர்ந்தால் 2 மீட்டரைத் தொடும். பேரங்காடிக் கார் நிறுத்தத்தின் தலைக்கம்பி அதே உயரத்தில் இருக்கலாம்.

(திரையில்: பெட்டிக்குள் மாஸ்ட். முன்முனையில் மடித்து வைத்த வெட்சூட், அதாவது தண்ணீரில் அணியும் ரப்பர் உடை.)

இனி சாலை. 50ஆம் எண் சாலை பெரும்பாலும் இரண்டு தடம்தான். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வரும், யானை கடக்கும் இடம் என்று பலகை இருக்கும் பகுதியும் உண்டு. திடீரென்று பிரேக் அடிக்க வேண்டியிருக்கும். அப்போது கட்டாத மாஸ்ட் ஈட்டிபோல முன்னால் பாய்ந்து பெட்டியின் மூக்கைத் துளைத்துவிடும். அதனால் உள்ளே இருக்கும் வாரால் இரண்டு இடத்தில் கட்டுங்கள், முன்முனையில் வெட்சூட், ஹார்னஸ் போன்ற மெத்தென்ற சாமானை வையுங்கள். வெளியே இருக்கும் போர்டை ஃபின் கழற்றி, மேல்பக்கம் கீழாகக் கவிழ்த்து, மூக்கு முன்கண்ணாடிப் பக்கம் சரியும்படி கட்டுங்கள். அப்போது காற்று அதை மேலே தூக்காமல் கீழே அழுத்தும். நெம்பி இறுக்கும் ராட்செட் வாரைப் போர்டுக்குப் பயன்படுத்த வேண்டாம், அது இறுக்கும் வேகத்தில் போர்டு நசுங்கிவிடும். கையால் இழுத்துப் பிடிக்கும் கொக்கி வார் போதும்.

வேகம் 90ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கூட்டரசுச் சாலைகளின் வழக்கமான வரம்பும் அதுதான். பெட்டி தயாரிப்பாளர்கள் பொதுவாக 130 வரை அனுமதிக்கிறார்கள், நெடுஞ்சாலையில் 110 போகலாம். ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 90லிருந்து 110க்குப் போனால் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். எண்ணெயும் கூடுதலாகச் செலவாகும், பெட்டியைப் பிடித்திருக்கும் கொக்கிகளுக்கும் அந்தச் சுமை போய்ச் சேரும்.

பெட்டியைப் பார்க்கப் போகும்போது மாஸ்ட்டின் நீளமான துண்டைக் கூடவே எடுத்துப்போங்கள். "பாஸ், கொஞ்சம் திறந்து காட்டுங்கள், இதை வைத்துப் பார்க்கிறேன்" என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் மறுக்கமாட்டார். பழைய பெட்டி வாங்குகிறவர்களும் அப்படியே செய்யுங்கள். கூடவே கீல்களையும், கம்பியில் பிடிக்கும் கொக்கிகளையும், அடித்தட்டில் விரிசல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மாஸ்ட் உள்ளே போய் மூடி தானாகப் பூட்டிக்கொண்டால் வாங்குங்கள். அழுத்தி மூட வேண்டியிருந்தால் வேண்டாம்.

பொருத்திய பிறகு முதல் பயணத்தில் காஹாங்கில் வண்டியை நிறுத்துங்கள். கம்பியின் கால்கள், பெட்டியின் கொக்கிகள், போர்டின் வார் மூன்றையும் கையால் அசைத்துப் பாருங்கள். தோட்டத்து மண் சாலையில் குலுங்கி வந்த வண்டியானால் ஏதாவது ஒன்று தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. இறுக்கிவிட்டு, அப்புறம் ஜெமாலுவாங் பக்கம் போங்கள்.