பூவைக் கிள்ளிப் போட்ட மூன்று வருஷம்

(கிருஷ்ணகிரியில் நடந்த குடும்பக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்.

இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப்பேர் இந்த மண்ணில் பிறந்தவர்கள் இல்லை. ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்து வந்தவர்கள், மாற்றலாகி வந்தவர்கள், வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். நான் வாழ்க்கைப்பட்டு வந்தவள். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம்.

வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில் ஆளுக்கு ஒரு வேதவசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள் இல்லையா? 2001 பிறந்த அந்த ராத்திரி என் கைக்கு வந்தது எரேமியா 29:11. 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' சந்தோஷமாகக் கொண்டுவந்து பீரோ கண்ணாடியில் ஒட்டினேன். மார்ச் மாதம் என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். எனக்கு 36 வயது. மூத்தவள் ஆறாம் வகுப்பு, சின்னவன் இரண்டாம் வகுப்பு.

அடக்கம் முடிந்த மறுநாள் தலைவாரக் கண்ணாடி முன்னால் நின்றேன். எதிரே அந்த அட்டை. 'தீமைக்கல்ல.' கிழித்துப்போடப் பயம், பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. எடுத்துப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது.

வந்தவர்கள் எல்லாரும், "சீக்கிரமே கர்த்தர் எல்லாத்தையும் மாத்துவாரும்மா" என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். நானும் அந்தச் 'சீக்கிரத்தை' நம்பினேன். இரண்டு பெட்டியில் துணிமணிகளை அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். என்றைக்காவது எங்கள் அண்ணன் வந்து ஊருக்குக் கூட்டிப்போவார் என்ற எண்ணம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு உடுத்துகிற துணியைக்கூடப் பெட்டியிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பேன். துவைத்துக் காய்ந்ததும் மறுபடி பெட்டிக்குள். இப்படி ஒரு வருஷம் ஓடிற்று. விசுவாசத்தோடு காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் நான் எங்கேயும் குடியிருக்கவில்லை.

ஒரு நாள் கோபத்தில்தான் அந்த அதிகாரத்தைத் திறந்தேன். அட்டையில் இருந்தது ஒரே வசனம். அதற்கு முன்னால் பத்து வசனம் இருக்கிறது. நம்மில் எத்தனைபேர் படித்திருக்கிறோம்?

அது ஒரு கடிதம். கி.மு. 597-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டுபோன ஜனங்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதினது. தச்சரும் கொல்லரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள் என்று இரண்டாம் வசனம் சொல்கிறது. கைத்தொழில் தெரிந்தவர்கள், நம்மைப் போன்றவர்கள். பிற்காலத்தில் வேதபாரகன் எஸ்றா பாபிலோனிலிருந்து எருசலேமுக்கு வரவே நாலு மாதம் ஆயிற்று. அவ்வளவு தூரம்! சங்கீதக்காரன், 'பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்' என்கிறான். அழுகிறது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் 137-ஆம் சங்கீதத்தைக் காட்டுங்கள். அழுகைக்கு வேதத்திலேயே இடம் இருக்கிறது.

இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் நின்று சொல்கிறான். பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருக்கவேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தை எடுத்து எல்லாருக்கும் முன்னால் முறித்தும் காட்டுகிறான். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! கர்த்தர் அவனை அனுப்பவில்லை. கர்த்தர் சொன்ன கணக்கு 70 வருஷம். நாற்பது வயதில் போனவன் திரும்பி வரப்போவதில்லை. அப்படிப்பட்டவனுக்கு அவர் சொன்னது இது: 'நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்.'

அதைப் படித்த அன்று சாயங்காலம் பெட்டிகளைப் பிரித்தேன். துணிகளைப் பீரோவில் அடுக்கும்போது அட்டை கைக்கு வந்தது. பழைய இடத்திலேயே ஒட்டினேன்.

தோட்டம் என்று எனக்கு என்ன இருந்தது? பின்பக்கம் துணி காயப்போடுகிற இடம். பக்கத்து வீட்டுத் தாத்தா, மாந்தோப்பு வைத்திருந்தவர், ஒரு பெங்களூரா மாங்கன்று, ஒட்டுக்கன்று, கொண்டுவந்தார். 2002, ஆடி மாதம். தானே குழி வெட்டி, தொழுவுரம் போட்டு, கழி நட்டுக் கட்டிவிட்டார். "ஒட்டு மண்ணுக்கு மேல இருக்கணும்மா. அதுக்குக் கீழ துளிர் வந்தா கிள்ளிடு. மூணு வருசம் பூ வந்தாலும் வுட்டு வெக்காத, கிள்ளிப் போடு. வேர் புடிக்கட்டும்."

முதல் பூ வந்தபோது கை வரவில்லை. இத்தனை இழந்தவள் இதையும் கிள்ளவா? அழுதுகொண்டே கிள்ளினேன். அதே மாதங்களில்தான் கருணை அடிப்படையில் வேலை கேட்டுக் கொடுத்த மனுவும் இழுத்துக்கொண்டிருந்தது. ஜெபித்தேன், வரவில்லை. மறுபடி ஜெபித்தேன். கர்த்தர் என் வாழ்க்கையில் எதையெதைக் கிள்ளினார், ஏன் கிள்ளினார் என்று இன்றைக்கும் நான் விளக்க வரமாட்டேன். என் கணவரின் மரணத்தை ஒரு மாஞ்செடிக்கு ஒப்பிட எனக்கு மனதில்லை. ஆனால் அந்த மூன்று வருஷமும் வேர் இறங்கிக்கொண்டிருந்தது. அது கண்ணால் கண்டது.

வேலை 2003 கடைசியில் கிடைத்தது. 2004 பிப்ரவரியில் தர்மபுரியிலிருந்து நம் மாவட்டத்தைப் பிரித்தார்கள். அதே வீடு, அதே தெரு. அண்ணனுக்குக் கடிதம் எழுதும்போது முதல் தடவையாகக் 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று எழுதினேன். எழுதின கையோடு, இது என் ஊர் என்று மனதில் பட்டது.

அந்தக் கடிதத்தில் ஏழாம் வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக விண்ணப்பம்பண்ணச் சொல்கிறார். 'அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்.' அந்தத் தாத்தா ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர். எனக்கு வேலை கிடைத்த பிறகு என் பிள்ளைகளை மழைநாளில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டதும் அவர்தான். அவர் பெயரைச் சொல்லி நான் ஜெபிக்காத நாள் கிடையாது. சபையார் வந்து தோள்கொடுத்தார்கள்; தெருவும் தோள்கொடுத்தது. இரண்டையும் அனுப்பினவர் ஒருவர்தான் என்று விசுவாசிக்கிறேன்.

வேலை போனவர்கள், துணையை இழந்தவர்கள், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு வெறும் வீட்டில் இருக்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எப்போது மாறும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பிரியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாவிட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கன்று வையுங்கள்.

2006-ல் முதல் காய்ப்பு. பதினொரு காய். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, வாசற்படியில் உட்கார்ந்து மூன்றுபேரும் தின்றோம். அந்த மரம் இன்னும் நிற்கிறது. வாசல் பக்கம் இரண்டு கூடை வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.