பெரியப்பாவின் மடிக்கணினியில் லினக்ஸ்

நேயர்களுக்கு வணக்கம். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதை எப்படி எளிமையாக்கலாம் என்று பேசச் சொன்னார்கள். நான் என் பெரியப்பாவைப் பற்றிப் பேசப் போகிறேன். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்திரண்டு, தமிழ்99 விசைப்பலகையில் என்னைவிட வேகமாகத் தட்டுவார். வாரம் ஒரு முறையாவது ஏதாவது பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

அவருடைய மடிக்கணினி பத்து வருடப் பழசு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், புதிய தலைமுறைச் செயலி வேண்டும் என்கிறது, இரண்டும் இதில் இல்லை. ஆனால் மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. "நல்லா உழைக்கிற மாட்டை எதுக்குடா அடிமாட்டுக்கு அனுப்பணும்?" என்று கேட்டார். சரி, லினக்ஸின் பல வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று அவருக்குப் பழகிய முகமாகவே இருக்கும்.

மின்ட்டை மொத்தமாக அடைத்துவைத்த ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி பென்டிரைவில் போட்டு அதிலிருந்து கணினியைத் துவக்குங்கள் என்று போனில் சொன்னேன். மறுநாள் அவரிடமிருந்து போன். "போட்டுட்டேன், ஒண்ணும் வரலையே." விசாரித்தால், பாட்டைக் காப்பி செய்வதுபோல அந்தக் கோப்பை அப்படியே காப்பி செய்திருக்கிறார். அவர்மேல் என்ன தப்பு, நான் 'போட்டு' என்றுதானே சொன்னேன்! அதைப் பென்டிரைவில் எழுதுவதற்கென்று தனியாக ஒரு மென்பொருள் வேண்டும் என்பது எனக்குப் பழகிப்போய், சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையைச் செய்கிறவர்கள் இதற்கு நல்ல வழி செய்திருக்கிறார்கள். மீடியா ரைட்டர் என்ற அவர்களுடைய செயலி விண்டோஸிலேயே ஓடும், எந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்டுத் தானே இறக்கி, தானே பென்டிரைவில் எழுதியும் கொடுத்துவிடும். வாசற்படியிலேயே தடுக்கி விழுகிற ஆளுக்கு உள்ளே இருக்கிற அலங்காரத்தால் என்ன பிரயோசனம்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போனேன். மவுஸைத் தொடுவதில்லை என்று ஒரு வைராக்கியத்தோடு போனேன், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டும். லினக்ஸ் தெரிந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது, கை பரபரக்கும்.

நிறுவுவதெல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்தது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிரிண்டருக்கு ஏதோ வழிமுறையைப் படித்து அவரே டெர்மினலை, அதாவது கட்டளைகளை எழுத்தில் அடிக்கிற சாளரத்தைத் திறந்தார். கடவுச்சொல் கேட்டது, அடித்தார், நட்சத்திரக் குறிகள் வந்தன, அடுத்த படிக்குப் போய்விட்டார். நான் வேறொரு லினக்ஸில் முதன்முதலாக இதே இடத்துக்கு வந்தபோது எத்தனை முறை அடித்தும் திரையில் ஒன்றுமே அசையவில்லை. கீபோர்டு போய்விட்டது என்று நினைத்து, கழற்றி வேறு கீபோர்டு மாட்டிப் பார்த்தேன்! பின்னால் நிற்கிறவருக்குக் கடவுச்சொல்லின் நீளம்கூடத் தெரியக்கூடாது என்பது யுனிக்ஸின் பழைய வழக்கம். மின்ட்டில் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்து நட்சத்திரங்களை வரவைத்திருக்கிறார்கள்.

அப்புறம் தமிழ். இங்கேதான் பெரியப்பா மாட்டிக்கொண்டார். விசைப்பலகைப் பட்டியலைத் திறந்தால் தமிழ் என்ற பெயரில் ஒரு கும்பலே நிற்கிறது: தமிழ்நெட் 99 (தமிழ்99க்கு அங்கே இதுதான் பெயர்), தமிழ் எண்களோடு தமிழ்நெட் 99, டேப் குறியாக்கத்தில் தமிழ்நெட் 99, டிஸ்கி குறியாக்கத்தில் தமிழ்நெட் 99, இன்ஸ்கிரிப்ட் என்று. அவர் டிஸ்கியைத் தேர்ந்தெடுத்தார், ஏனென்றால் அந்தப் பெயரை எப்போதோ கேட்டிருக்கிறார். அடித்தால் தலையில் கொம்பு முளைத்த ரோமன் எழுத்துகளாக வருகின்றன. டேப்பும் டிஸ்கியும் தமிழ் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பழைய முறைகள், எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு பரவாத காலத்துச் சமாசாரங்கள், தமிழக அரசே 2010இல் யூனிகோடுக்கு மாறிவிட்டது. இன்றைக்கும் புதிதாக வருகிற ஒருவர் முன்னால் அவற்றை எதற்கு நிறுத்த வேண்டும்?

சரியானதைத் தேர்ந்தெடுத்த பிறகும் தொல்லை தீரவில்லை. 'அம்மா' என்று அடித்தால் புள்ளி இல்லாமல் 'அமமா' என்று நிற்கிறது. தமிழ்99இன் அழகே ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழுவதுதான். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே அறிந்த ஏற்பாடு, முந்தைய எழுத்து என்ன என்று திரும்பிப் பார்க்காது. புள்ளி விழ வேண்டுமென்றால் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையை நிறுவி, அதில் எம்17என் என்ற பன்மொழித் தொகுப்பின் வழியாகத் தமிழ்99ஐச் சேர்க்க வேண்டும். இது எங்கே எழுதியிருக்கிறது? எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அலைந்தேன். அன்றைக்கு வைராக்கியம் உடைந்தது, மவுஸைப் பிடுங்கி நானே செய்துகொடுத்தேன்.

எளிமையாக்கினால் பழைய ஆட்கள் கோபப்படுவார்கள் என்பதும் உண்மைதான். 2001இல் சன் என்ற கணினி நிறுவனம் சாதாரண ஆட்களை உட்காரவைத்து க்னோம் என்ற மேசைத்தளத்தை, அதாவது லினக்ஸில் திரையில் தெரிகிற பட்டை, மெனு, சாளரங்களின் தொகுப்பைப் பரிசோதித்தது, மறு வருடம் வந்த க்னோம் 2 அதனால் எளிமையானது. எங்கள் விருப்பத் தேர்வுகளை எல்லாம் எடுத்துவிட்டீர்களே என்று ஒரே கூச்சல். 2011இல் க்னோம் 3 வந்தபோது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு மேசைத்தளத்துக்குப் போனார். அந்த முறை கோபத்தில் நியாயம் இருந்தது என்பேன், பழகிய பட்டையையே தூக்கிவிட்டார்களே. ஆனால் ஒரு காலாவதியான விசைப்பலகையைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளினால் யார் சண்டைக்கு வரப் போகிறார்கள்?

கிளம்பும்போது பெரியப்பா கேட்டார், "இந்த டிஸ்கி விவகாரத்தை யார்கிட்டடா சொல்றது?" மென்பொருளின் குறையை அதை உருவாக்கியவர்களுக்கு எழுதுகிற வழு அறிக்கை என்று ஒன்று உண்டு, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. போன வாரம் இரண்டரைப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது, 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து, எல்லாப் புள்ளிகளும் சரியாக விழுந்திருக்க. ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டிருக்கிறேன், 'ஐயா'வை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.