அம்மா கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரிப் பெண்கள் மாதவிடாய்ப் பிரச்சினை என்று என்னிடம் வந்தால் முதலில், "கடைசியாக எப்போதம்மா வந்தது?" என்றுதான் கேட்பேன். உடனே அந்தப் பெண் அம்மா முகத்தைப் பார்ப்பாள். அம்மா, "ஆடிவெள்ளிக்கு முந்தின நாள் டாக்டர், கோயிலுக்கே போக முடியலையே" என்பார். பெண்ணுக்கு வயது பத்தொன்பது! செமஸ்டர் தேதி, ரீசார்ஜ் முடியும் தேதி எல்லாம் விரல் நுனியில். இது மட்டும் அம்மா கணக்கு. விடுதிக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை.

ஒரு மாணவி, "மாசத்துக்கு ரெண்டு தடவை வருது டாக்டர்" என்று பயந்துபோய் வந்தாள். பார்த்தால் 3ஆம் தேதி ஒன்று, 30ஆம் தேதி ஒன்று. இடையில் 27 நாள். இதில் என்ன கோளாறு? 21 முதல் 35 நாளுக்குள் வந்தால் சரிதான். சிலர் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுவார்கள். நாலைந்து நாள் குறைந்துபோகும், வீண் பயம். உதிரம் பட்ட முதல் நாள்தான் கணக்கு. மறுபடியும் சொல்கிறேன், முதல் நாள். காலண்டரில் சுழியுங்கள், போனில் போடுங்கள், எதிலாவது குறியுங்கள்.

மூன்று மாதம் வராவிட்டால் பரீட்சை டென்ஷன் என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டாக இருக்கலாம், சினைப்பை நீர்க்கட்டியாக இருக்கலாம். "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்பார்கள். அப்படி ஒரு வைத்தியத்தை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை.

அப்புறம் நாப்கின். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். இவர்களோ காலை ஏழரை பஸ்ஸுக்கு வைத்ததோடு மாலை வீட்டில்தான் மாற்றுகிறார்கள். சோம்பேறித்தனம் இல்லை. கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது, உள்ளே குப்பைக்கூடை கிடையாது. அங்கே போகப் பயந்து தண்ணீரும் குடிப்பதில்லை. பிறகு நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று. கல்லூரி முதல்வர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், ஐயா, அம்மா, ஒரு தாழ்ப்பாள், ஒரு மூடிபோட்ட கூடை. அவ்வளவுதான் கேட்கிறேன்.

நேரம் முடிகிறது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறப்பு. தவறவிட்டவர்கள் கல்லூரி வயதிலும் போடலாம். கல்யாணத்துக்கு முன்பே போடலாமா என்று அம்மாக்கள் கேட்பார்கள். முன்பே போடுவதுதான் நல்லது. வணக்கம்.