கட்ட வந்தவருக்கு எதற்கு அபராதம்?

நேயர்களுக்கு வணக்கம். வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேலையில் இருந்தபோது வந்ததைவிட இப்போதுதான் கூட்டம் அதிகம். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்தால் போதும், யாராவது மஞ்சள் பையில் கடன் காகிதங்களோடு வந்துவிடுவார்கள்.

அப்படி ஒருநாள் வந்தவர், கீழமாசி வீதியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். வீடு விளாங்குடியில். சோழவந்தான் பக்கம் இருந்த தென்னந்தோப்பை விற்றிருந்தார். வீட்டுக் கடனில் பாக்கி 18 லட்சம். ஒரேயடியாகக் கட்டி முடித்துவிடலாம் என்று வங்கிக்குப் போயிருக்கிறார். பாக்கிக்கு மேல் 42,480 ரூபாய் கட்ட வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"கடனைக் கட்டாதவனுக்கு அபராதம் போட்டா சரி. கட்ட வந்தவனுக்கு எதுக்கு சார்?" என்றார்.

18 லட்சத்துக்கு 2 சதவீதம் 36,000. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 6,480. சீட்டில் கணக்குப் பிழை இல்லை. கடனை அனுமதித்தபோது வங்கி கொடுத்த சாங்ஷன் கடிதத்தைக் கேட்டேன். பையின் அடியில் இருந்து எடுத்தார், மடிப்பில் கிழிந்திருந்தது. பொடி எழுத்தில் ஒரு வரி: முதல் 3 ஆண்டு நிலையான வட்டி, பிறகு மாறும் வட்டி, நிலையான வட்டிக் காலத்தில் முடித்தால் மட்டும் 2 சதவீதக் கட்டணம். தேதியை எண்ணிப் பார்த்தால், 3 ஆண்டு முடிய இரண்டே மாதம் பாக்கி!

வட்டி 9 சதவீதம். 18 லட்சத்துக்கு மாதம் 13,500 ரூபாய், இரண்டு மாதத்துக்கு 27,000. காத்திருந்தால் 15,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். தோப்புப் பணத்துக்கு அதுவரை வங்கி வட்டியும் கிடைக்கும். "அப்ப ரெண்டு மாசம் கழிச்சு வர்றேன்னு சொல்லிட்டு வந்துடறேன் சார்" என்று எழுந்தார். சொல்லவே வேண்டாம், தேதி தாண்டியதும் போங்கள் என்றேன்.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது உங்கள் வட்டி எந்த வகை என்பதைத்தான். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே முடித்தால் வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனிலேயே சொல்லிவிட்டது. நிலையான வட்டி வேறு கதை. இத்தனை வருடம் இந்த வட்டி வரும் என்று நம்பித்தான் வங்கி தன் பணத்தைப் போட்டிருக்கிறது. பாதியில் முடித்தால் அதற்கு இழப்புதான். பழைய வங்கிக்காரன் என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி, அந்தக் கட்டணத்தை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன்.

கடைக்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். வீட்டை அடமானம் வைத்துக் கடைக்காகக் கடன் வாங்கியிருப்பார்கள். மாறும் வட்டியாகவே இருந்தாலும், "இது தொழில் கடன், சலுகை கிடையாது" என்று கட்டணம் கேட்பார்கள். இதற்கு 2025 ஜூலையில் ரிசர்வ் வங்கி புது விதி கொண்டுவந்தது. 2026 ஜனவரி 1 முதல் அனுமதித்த அல்லது புதுப்பித்த கடன் என்றால், தனிநபரும் குறு, சிறு நிறுவனங்களும் தொழிலுக்கு வாங்கிய மாறும் வட்டிக் கடனுக்கும் வணிக வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது. சிறு நிதி வங்கி, மத்தியக் கூட்டுறவு வங்கி போன்றவற்றில் இந்தச் சலுகை 50 லட்சம் வரையிலான கடனுக்குத்தான். பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் காரணம் காட்டியும் கட்டணம் கேட்க முடியாது. வேறு வங்கிக்குக் கடனை மாற்றினாலும் இதே விதிதான். அதற்கு முந்தைய தேதியில் வாங்கிய தொழில் கடன் என்றால், கையில் இருக்கும் ஒப்பந்தத்தைத்தான் படிக்க வேண்டும்.

அப்புறம், பணம் கட்டியதோடு வேலை முடியாது. கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரம் கைக்கு வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால், நாளுக்கு 5,000 ரூபாய் அவர்கள் தர வேண்டும். 2023 டிசம்பர் முதல் இந்த விதி. பத்திரம் வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். கடன் வாங்கியபோது சார்பதிவாளர் அலுவலகத்தில் எம்.ஓ.டி., அதாவது பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததற்கான ஆவணம், பதிந்திருந்தால், தீர்ந்ததற்கு ரசீதும் அங்கே பதிய வேண்டும். பதிந்த பிறகு ஒருமுறை வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். ரசீது ஏறவில்லை என்றால், நாளைக்கு வீட்டை வாங்க வருகிறவரின் வக்கீல் அந்த ஒரு வரியிலேயே நின்றுவிடுவார்.

வணக்கம்.