கூட்டாமல் விட்ட மூலை

வணக்கம் உறவுகளே. இன்றைக்குக் குரல் தாழ்வாகத்தான் இருக்கும், ஹெட்போன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். நேரம் காலை ஐந்தே முக்கால். கிளிநொச்சியில் எங்கள் வீட்டுப் பின் வளவில், ஒரு தறப்பாள் துண்டின் மேல் குப்புறப் படுத்திருக்கிறேன். இந்தத் தறப்பாளுக்கும் ஒரு கதை இருக்கிறது. 2010இல் மீள்குடியேறி வந்தபோது கொட்டில் போடத் தந்தது. கல்வீடு கட்டிய பிறகும் அம்மா இந்தத் துண்டை எறியவில்லை. மடித்து அறை மூலையில் வைத்திருந்தார். இப்போது எனக்குப் பாய்.

போன வீடியோவில் ஆறுமணிக்குருவியின் படத்தை ஐந்து விநாடி காட்டினேன், அவ்வளவுதான். "என்ன லென்ஸ் அக்கா?" என்று அத்தனை பேர் கேட்டுவிட்டீர்கள். சரி, சொல்கிறேன். ஒருவர் பாவித்த பழைய கமெரா, அதோடு வந்த 70-300 மில்லிமீட்டர் லென்ஸ். சென்சர் சின்னது என்பதால் 300ஐ வைத்தாலும் 450 அளவுக்குக் கிட்டவாகத் தெரியும். இதைக் கேட்டு நீங்களும் அதே லென்ஸை வாங்கினால் உங்களுக்குக் கிடைக்கப் போவது காகம்தான். எனக்கு அந்தப் படத்தைத் தந்தது லென்ஸ் இல்லை. அதோ, அந்த மாமரத்துக்குக் கீழே ஒரு குப்பை மூலை தெரிகிறதா? இன்னும் இருட்டு, தெரியாது. விடியட்டும்.

நானும் முதலில் தூரம் போய்த்தான் பார்த்தேன். சுண்டிக்குளம் எங்களுக்குப் பக்கம்தான். 1938இல் பறவைகள் சரணாலயம் ஆக்கப்பட்டது, 2015இல் தேசியப் பூங்காவானது. பூநாரை பார்க்கலாம் என்று பத்து மணிக்குப் போய் நின்றேன். தண்ணீருக்கு அந்தக் கரையில் ரோஸ் நிறத்தில் ஒரு கோடு, அதுதான் பூநாரை. அந்த வெளியில் வெயில் ஏறினால் தரைக்கு மேலே காற்றே அலைகிறது. கானலுக்கு ஊடாக எடுத்தால் எந்த லென்ஸும் தெளிவாகக் காட்டாது. அப்புறம் இன்னொன்று. எங்கள் பக்கத்தில் நீள லென்ஸைத் தூக்கிக்கொண்டு வீதியோரம் நின்றால், யாராவது மோட்டார் சைக்கிளை நிறுத்தி "என்ன எடுக்கிறீங்கள்?" என்று கேட்பார்கள். குருவி என்று சொன்னால் நம்புகிற முகமாக இருக்காது. சொந்த வளவுக்குள் அந்தச் சிக்கல் இல்லை.

ஆனால் வளவு என்று சொல்ல இங்கே முந்தி ஒன்றும் இருக்கவில்லை. வந்து இறங்கிய அன்று இருந்தது ஒரு கிணறும் தலையில்லாத இரண்டு பனையும். இந்தக் கறுத்தக்கொழும்பான் மாமரம், அந்தப் பக்கத்து வேம்பு, தேசி, முருங்கை, எல்லாம் அம்மா பிறகு வைத்தவை. மரம் வளர வளரத்தான் குருவிகளும் வந்தன. முதலில் காகமும் மைனாவும். மரத்துக்குக் கொஞ்சம் நிழல் வந்ததும் புலுனிக் கூட்டம். வேலி அடர்த்தியானதும் செம்பகம். எந்தக் குருவி எந்த வருடம் வந்தது என்று அம்மாவுக்கு மனப்பாடம், மரம் வைத்த கணக்கை வைத்துச் சொல்லுவார்.

உஷ்… பொறுங்கள். இல்லை, ஆட்காட்டி. குளப்பக்கம் நாய் போயிருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா விடிய எழும்பினால் முதல் வேலை முற்றம் கூட்டுவது. ஈர்க்குமாறு பட்ட கோடு வரிசை வரிசையாக மணலில் விழுந்து கிடக்கும், பார்க்க வடிவு. எங்கள் ஊரில் முற்றம் கூட்டவில்லை என்றால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். அம்மா முற்றத்தோடு நிற்க மாட்டார். பின்வேலி வரை கூட்டி, குவித்து, நெருப்பு வைப்பார். அதனால் எங்கள் வளவில் மரத்துக் குருவி, தண்ணீர்க் குருவி எல்லாம் உண்டு. சருகில் இரை தேடுகிற குருவி மட்டும் இல்லை. அதை அப்போது நான் யோசித்ததே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மழை தொடங்கிய கிழமை. காலையில் விறாந்தைக் கதவைத் திறந்தால், செருப்புக்குப் பக்கத்தில் ஒரு குருவி குந்தியிருக்கிறது. முதுகு பச்சை. வயிற்றின் அடியில் இரத்தச் சிவப்பு. தோளில் நீலம். கண்ணுக்கு ஊடாக மை தீட்டியது போல அகலமான கறுப்புக் கோடு, தொண்டை வெள்ளை. வால் என்று சொல்ல ஒன்றும் இல்லை, யாரோ கத்தரித்து விட்டது போல. அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஆரும் வளர்த்த குருவி போல, கூட்டாலை பறந்து வந்திட்டுது" என்றார். வளர்த்ததல்ல. இதுதான் ஆறுமணிக்குருவி, இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வருவது. காலையும் பின்னேரமும் ஆறு மணி மட்டில் கூப்பிடுவதால் அந்தப் பெயர். ஐப்பசி வாக்கில் வரும், சித்திரை மட்டில் திரும்பிவிடும். இரவில் பறந்து வருவதால் களைத்து, வெளிச்சத்தில் மயங்கி, சுவரிலோ கண்ணாடியிலோ மோதி விழுவது உண்டு. உங்கள் வீட்டில் இப்படிக் கிடந்தால் தண்ணீர் பருக்காதீர்கள், சோறு தீத்தாதீர்கள். ஒரு அட்டைப்பெட்டியில் காற்றுப் போக ஓட்டை போட்டு, அடியில் துணி விரித்து, உள்ளே விட்டு மூடி, பூனை எட்டாத இருட்டான இடத்தில் வையுங்கள். திறந்து திறந்து பார்க்கவும் கூடாது. அதுதான் கஷ்டம். அம்மா நாலு தரம் திறந்து பார்த்தார்.

மத்தியானம் பெட்டிக்குள் தட்டத் தொடங்கியது. பின் வளவில் கொண்டுபோய்த் திறந்தோம். தரையில் இறங்கி நாலு தத்துத் தத்தியது. கூட்டித் துடைத்த மணல். இங்கே பார்த்தது, அங்கே பார்த்தது, அயலவர் காணியின் பற்றைக்குள் பறந்து போய்விட்டது. அந்தக் காணிக்காரர் வெளிநாட்டில், பத்து வருடச் சருகு அங்கே கிடக்கிறது. பின்னேரம் ஆறு மணிக்கு அங்கிருந்து கூப்பிட்டது. அந்த வருடம் முழுக்க அங்கிருந்துதான் கூப்பிட்டது.

அடுத்த வருடம் அம்மாவோடு பேச்சுவார்த்தை. "பின் மூலையைக் கூட்டாமல் விடுங்கோ அம்மா" என்றேன். "பாம்பு வந்தா ஆர் பிள்ளை அடிக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி, இதைச் சிரித்துத் தள்ள நான் தயாரில்லை. புடையன் சருகில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. இது வன்னி. அதனால் உடன்படிக்கை இப்படி: மூலை கிணற்றடிக்கும் குசினிக்கும் தூரமாகப் பின்வேலியோடு இருக்க வேண்டும். சருகு மட்டும்தான், தகரமும் கல்லும் விறகும் அங்கே குவிக்கக் கூடாது. நான் போகும்போது சப்பாத்து, ரோர்ச் கட்டாயம். படுக்கிற இடம் கூட்டின மணலில், சருகிலிருந்து ஏழு எட்டு மீட்டர் தள்ளி. கடைசி நிபந்தனை, சித்திரை வருடப்பிறப்புக்கு முன் முழு வளவும் கூட்டப்படும். அதில் அம்மா இறங்கி வரவே இல்லை.

சருகு சேர்ந்தது, மழை பெய்தது, அடியில் ஈரம் பிடித்துப் புழுவும் கறையானும் வந்தன. பிறகு வந்தவை எங்கள் கோழிகள். ஒரே நாளில் அத்தனையையும் கிளறி எறிந்துவிட்டன. அன்றிலிருந்து கோழிக்கூட்டை ஏழரைக்குப் பிறகுதான் திறக்கிறோம்.

ம்ம்… கேட்டதா? வ்வீட்… டியூ. இரண்டு சுரம். மணி ஆறு பத்து. பெயருக்குக் கொஞ்சம் பிந்திவிட்டது, இந்த மாதம் சூரியனும் பிந்தித்தானே வருகிறது.

இப்போது கதையைக் குறைக்கிறேன். ஷட்டர் ஒரு விநாடியில் 160இல் ஒன்று, வெளிச்ச உணர்திறன், அதாவது ஐஎஸ்ஓ, 3200, லென்ஸ் முழுதாகத் திறந்து. மாமர நிழலில் இதற்கு மேல் வெளிச்சம் இல்லை. பறக்கிற குருவிக்கு 2000இல் ஒன்று வேண்டும் என்பார்கள், உண்மைதான். ஆனால் இது ஓடித் திரிகிற குருவி இல்லை. தத்தும், நிற்கும். தலையைச் சரித்துப் பார்க்கும். சருகைச் சொண்டால் புரட்டும், பிறகும் நிற்கும். நிற்கிற அந்த ஒரு விநாடியில்தான் அழுத்த வேண்டும். தத்தும்போது அழுத்தியதெல்லாம் பச்சைத் தீற்றல், என்னிடம் முந்நூறு இருக்கிறது. கமெரா கையில் இல்லை, இந்தப் பையில் கிடக்கிறது. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, ஆலையில் உமி வாங்கி நிரப்பித் தைத்தது. முக்காலியை விட இதுதான் தரையோடு படியும். குருவியின் கண் எந்த உயரத்திலோ லென்ஸும் அந்த உயரத்தில் இருக்க வேண்டும். நின்றுகொண்டு எடுத்தால் முதுகுதான் கிடைக்கும். படுத்தால் நெஞ்சு, கண், பின்னால் கரைந்து போன வேலி.

அந்தா… வேம்படியில்… இல்லை, திரும்பிவிட்டது.

போனில் அதன் சத்தத்தைப் போட்டுக் கூப்பிடலாமே என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். ஒருமுறை நானும் செய்தேன், மறைக்கவில்லை. உடனே வந்தது. தன் இடத்துக்கு இன்னொன்று வந்துவிட்டது என்று கொப்பில் ஏறி நின்று கத்தோ கத்து என்று கத்தியது. இரை தேடுகிற நேரம் முழுக்க அதிலேயே போய்விட்டது. திரும்பப் பறக்கிறதற்குக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய குருவி அது. பிறகு நான் அதைத் தொடவில்லை. எந்தக் குருவியின் கூட்டுக்கும் கிட்டப் போய் எடுப்பதும் வேண்டாம். நாங்கள் எங்கே எட்டிப் பார்க்கிறோம் என்று காகம் பார்த்துக்கொண்டே இருக்கும்.

குப்பை வைக்க இடமில்லாதவர்களுக்கு மண்சட்டி போதும். அகலச் சட்டி, இரண்டு விரல் ஆழம் தண்ணீர், நடுவில் ஒரு கல். சோளகம் அடிக்கிற மாதங்களில் வெளியில் குட்டைகள் வற்றிவிட்டால் அயலில் உள்ள எல்லாம் வரும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்றிவிட்டு உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், டெங்கு நுளம்பின் முட்டை சட்டியின் சுவரில்தான் ஒட்டியிருக்கும். சுகாதாரப் பரிசோதகர் வந்தாலும் பயமில்லை. எங்கள் சட்டிக்கு மார்கழியில் நீளவால் ஈப்பிடிப்பான் வந்தது. பால் வெள்ளை உடம்பு, ரிபன் மாதிரி வால். அதுவும் இந்தியாவிலிருந்து வந்த ஆண்தான். எங்கள் ஊரோடு இருக்கிற இனத்தின் ஆண், வயது போனாலும் செங்கல் நிறத்தில்தான் இருக்கும், வெள்ளையாகாது. நிழலில் வெள்ளைக் குருவியை எடுத்தால் கமெரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகெல்லாம் சுண்ணாம்பாகும். ஒரு படி குறைத்து வையுங்கள். முருங்கையில் தட்டுகிற மரங்கொத்தியையும் பாருங்கள், எங்களுடையது பொன்மஞ்சள் முதுகு. கொழும்பில் சித்தி வீட்டில் பார்த்தது சிவப்பு முதுகு, அது இலங்கையில் மட்டும் இருக்கிற வேறு இனம். இரண்டும் சந்திக்கிற இடங்களில் செம்மஞ்சள் முதுகோடு கலப்பும் உண்டு. வவுனியா, மன்னார்ப் பக்கம் இருப்பவர்கள் உங்கள் வளவு மரங்கொத்தி என்ன நிறம் என்று பார்த்துச் சொல்லுங்கள், எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும்.

வந்துவிட்டது. மூலையில். சத்தம் வேண்டாம்.

……

எடுத்துவிட்டேன். திரையில் காட்டுகிறேன், பாருங்கள். கண் கூராக விழுந்திருக்கிறது. சொண்டில் ஒரு மாஞ்சருகு, இன்னொரு சருகு காற்றில் நிற்கிறது, அது கலங்கித்தான் இருக்கிறது. இருக்கட்டும். முதல் படத்தை அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தபோது, அவர் பார்த்தது குருவியை இல்லை. "இவ்வளவு குப்பையையும் ஏன் பிள்ளை படத்தில் எடுத்தனீ, பார்க்கிற சனம் என்ன நினைக்கும்?" என்றார். ஆனால் அடுத்த நாள் பக்கத்து வீட்டு மாமிக்கு அதே படத்தைக் காட்டிக்கொண்டு நின்றார், விரலால் குப்பையை மறைத்தபடி.

அம்மா எழும்பிவிட்டார், ஈர்க்குமாற்றின் சத்தம் முற்றத்தில் கேட்கிறது. இன்றைக்கு மாசி 24. வருடப்பிறப்புக்கு ஐந்து கிழமை இருக்கிறது, அதுவரை இந்த மூலை எனக்கு. கோழிக்கூடு திறக்க இன்னும் முக்கால் மணித்தியாலம். நான் திரும்பப் படுக்கிறேன்.