படிக்கும்போதே சபைக்கு வரட்டும்

நடுவர் அவர்களே! "முதியோர் கல்வியில் சேர்ந்தவர்கள் முதலில் படித்து முடிக்கட்டும், ஊர்க்காரியத்தை அப்புறம் பார்க்கலாம்" என்றது எதிரணி. படிக்கும்போதே ஊர்ச் சபைக் கூட்டத்துக்கும் வரட்டும் என்கிறோம் நாங்கள். படித்து முடித்த பிறகுதான் என்றால், எப்போது முடிப்பார்களாம்? பகலெல்லாம் வேலை, இரவில்தான் வகுப்பு. கற்ற எழுத்துக்கு வேலை கொடுக்காவிட்டால் பாடநூலை மூடிய கொஞ்ச நாளிலேயே கைநாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

நெல்லூர் மாவட்டத்துத் துபகுண்டாவைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில், சாராயத்தை எதிர்த்த பெண்களின் கதை ஒன்று எழுத்தறிவு வகுப்பில் பாடமாக வந்தது. அதைப் படித்த பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக் கடையையே மூட வைத்தார்கள். போராட்டம் மாநிலமெங்கும் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திராவில் சாராயம் தடை செய்யப்பட்டது. சான்றிதழ் வாங்கிவிட்டா போனார்கள்?

கற்பவர்களைச் சும்மா சபைக்குக் கூட்டிப்போய் உட்காரவைக்கச் சொல்லவில்லை. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அதில் பேசப்போகும் விஷயங்களின் பட்டியலே பாடமாகட்டும். தீர்மானம், வரவு, செலவு, இருப்பு, கையொப்பம் என்று பத்துச் சொல் போதும். முதல் கூட்டத்தில் வருகைப் பதிவேட்டில் தம் பெயர் மட்டும். அடுத்ததில் வரவு செலவு வாசிக்கும்போது எண்களைச் சரிபார்க்கட்டும். மனக்கணக்கில் அவர்கள் நமக்கே வாத்தியார். மனு வாசிப்பது அதற்குப் பிறகு. மினிட், அதாவது கூட்டத்தில் நடந்ததைப் பதிவுசெய்யும் குறிப்பு, எழுதுவது கடைசியில்.

எங்கே கெடுகிறது தெரியுமா? ஆர்வக்கோளாறில் யாராவது ஒருவர் எல்லார் முன்னாலும் தாளை நீட்டி, "எங்கே, படி பார்ப்போம்" என்பார். திக்கியவர் மறுவாரம் கூட்டத்துக்கும் வரமாட்டார், வகுப்புக்கும் வரமாட்டார். வகுப்பில் ஒத்திகை பார்க்காத எதையும் சபையில் வாசிக்கச் சொல்லக்கூடாது. பக்கத்தில் சக கற்பவர் ஒருவர் இருக்க வேண்டும்.

இன்னொன்று, "இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று நீட்டும் வெற்றுத்தாள். தீர்மானத்தின் கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே நாலு விரல் இடம் இருந்தால், பிறகு யாரும் எதையும் சேர்த்துவிடலாம். அந்த இடத்தில் குறுக்குக்கோடு இழுத்துவிட்டுக் கையெழுத்திடப் பழக்குங்கள். கரும்பலகையில் சொன்னால் மண்டையில் ஏறாது. நிஜப் பதிவேட்டில் ஒருமுறை செய்தவர் மறக்கமாட்டார்.

"இவர்கள் எழுதினால் மினிட் புத்தகமெல்லாம் ஒற்றுப்பிழை" என்று சிரித்தார் எதிரணித் தலைவர். இருக்கட்டும் ஐயா! தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதியிருக்கிறார்களா, இரண்டும் ஒத்துப்போகிறதா, அதைப் பாருங்கள்.